இருநூறு மீற்றருக்குள்ளே

விடியுமுன்னே கரைவலையின் இரண்டு கயிறுகளும் கரைக்கு வந்துவிட்டன. தேற்றாத்தீவுக் கடற்கரையில், வடக்குக் கயிற்றைத் தென்னந்தோட்டத்துக் குடிசைக்காரர் பிடித்தார்கள். தெற்குக் கயிற்றை அடுத்த ஊர்க்காரர். உப்பில் ஊறிய கயிறு உள்ளங்கையை அறுக்க, குதிகாலை மணலில் புதைத்து, இடுப்பைப் பின்னுக்குச் சாய்த்து இழுத்தார்கள். கதிர்காமத்தம்பி முன்னின்று, இழுப்புக்கு இசைய அம்பாப் பாட்டுப் பாடினார். போன மார்கழியில் சுனாமி அவர் மனைவியையும் மகளையும் கொண்டுபோய், தொண்டையை மட்டும் விட்டுவைத்திருந்தது. கடலோடு கோபித்துக்கொண்டு மனிதன் எங்கே போய்ச் சாப்பிடுவது?

சம்மாட்டி பூபாலபிள்ளை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். வலையும் அவருடையது, குடிசைகள் நிற்கும் தென்னந்தோட்டமும் அவருடையது.

"மாசம் முடியிறதுக்குள்ள எல்லாரும் தோட்டத்தை விட்டு எழும்புங்க. கடலில இரிந்து இருநூறு மீற்றருக்குள்ள ஒருத்தரும் வீடு கட்ட ஏலாதாம். நானா சட்டம் போட்டனான்?"

சீதேவிப்பிள்ளை கயிற்றை விடாமலே திரும்பினாள். புருசனை அலைக்குக் கொடுத்த பிறகு ஆண்களோடு வலை இழுக்க வந்தவள், வாய்க்கும் குறைவில்லை.

"கொழும்பில இரிந்து ஆக்கள் வந்து ஹோட்டலுக்கெண்டு தோட்டத்தைப் பாத்துட்டுப் போனாங்களே, அவங்களுக்குச் சட்டம் இல்லையா முதலாளி?"

"ஹோட்டலுக்கு அனுமதி எடுக்கலாம் புள்ள. வெள்ளைக்காரன் வந்தா நாட்டுக்கு நல்லந்தானே."

"எங்களை அடிச்ச கடல் அவங்களை அடிக்காதாக்கும்!"

கயிற்றில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்து என்ன பயன்? அரசாங்கம் மாற்றாகக் காட்டிய காணி வாவியோரப் பள்ளம். மாரி பிறந்தால் அடுப்புக்குள் தண்ணீர் ஏறும். போகமாட்டேன் என்பவனுக்கு வீடும் இல்லை, தகரமும் இல்லை.

கதிர்காமத்தம்பி பாட்டை நிறுத்தினார். "அளந்தது பிழை முதலாளி. நீங்களும் எங்களோட கந்தோருக்கு வந்து அதிகாரிமாரிட்டச் சொல்லுங்க. காணிக்காரர் சொன்னாக் கேப்பாங்க."

"பிழையா? கடலின்ட எல்லையைக் காட்டிக் குடுத்தது ஆரு?" சம்மாட்டி எல்லாரையும் பார்த்துக் குரலை உயர்த்தினார். "கேளுங்க அவரை! உங்கட குடிலெல்லாத்தையும் கோட்டுக்குள்ள தள்ளினது அவர்தான்."

உண்மைதான். அகதி முகாமுக்கு வந்தவன் போனவனெல்லாம் பெயரையும் செத்தவர் தொகையையும்தான் கேட்டான். அளக்க வந்த அதிகாரி ஒருவர்தான், "கடல் எதுவரை ஏறும் ஐயா?" என்று அவருக்குத் தெரிந்ததைக் கேட்டார். கதிர்காமத்தம்பி நெஞ்சை நிமிர்த்தி, மார்கழி வாடையில் அலை வந்து முட்டும் தாழையடியைக் காட்டினார். அதற்கு மேலே ஏற்றி வைக்காத தோணியை மாரிக் கடல் இழுத்துக்கொண்டு போய்விடும். கடலோடிக்கு அதுதான் எல்லை. சாதாரண நாளில் அலை நிற்கும் இடத்தைத்தான் சட்டம் கேட்டது என்பதை அவருக்கு யார் சொன்னார்கள்? தாழையடியிலிருந்து அளந்தபோது, வெளியே தப்பியிருக்க வேண்டிய குடிசைகளும் உள்ளே விழுந்தன.

அவர் தலை குனிந்து நின்றார். மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

"அவர் காட்டக்குள்ள நாங்களும் பக்கத்திலதானே நிண்டம்?" என்றாள் சீதேவிப்பிள்ளை. "ஓமெண்டு தலையாட்டினம். முளைக்கட்டை அடிச்சது எங்கட கை. அண்ணனை மட்டும் பிரிச்செடுக்காதீங்க முதலாளி."

பிறகு அவள் கயிற்றை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு மணலில் உட்கார்ந்தாள். பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். கடைசியாகக் கதிர்காமத்தம்பியும் அமர்ந்தார். அவர்கள் கயிற்றை இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை. மீன் சேரும் வலையின் மடி இன்னும் அலைக்கு அப்பால்தான் கிடந்தது.

"மீன் போகுதுடா! நாளைக்கு வேற ஆக்களைக் கொண்டாறன், பொலிசையும் கொண்டாறன்!"

கொண்டுவருவார். அதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. கந்தோரில் இவர்கள் பேச்சு எடுபடும் என்ற நம்பிக்கையும் பெரிதாக இல்லை.

சம்மாட்டி தெற்குக் கயிற்றுக்கு ஓடினார். அடுத்த ஊர்க்காரர்களுக்கு இந்தத் தோட்டத்தில் ஓர் ஓலைக்கீற்றும் சொந்தமில்லை. "நீங்க இழுங்கடா!" என்று கத்தினார்.

அவர்கள் இந்தப் பக்கம் பார்த்தார்கள். மடியில் துள்ளிய மீன்கள் வெளியேறுவது வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தது. அவர்களுக்கும் அன்றைய சோறு அதுதான்.

"ஒரு கயித்தை மட்டும் இழுத்து வலை வருமா முதலாளி?" என்று சொல்லிவிட்டு, அவர்களும் மணலில் உட்கார்ந்தார்கள்.