எது ட்ரை?

கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை. வருகிறவர்கள் மூக்கில் சட்டத்தை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பதுதான் என் பிழைப்பு. ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படிப்பட்ட என்னைத்தான் அந்தச் சனிக்கிழமை மதியம் அக்கா தன் சமையலறை மேஜையில், நாலு பாட்டில் ஒயினுக்கு முன்னால் உட்காரவைத்தாள்.

"இது ட்ரையா, அது ட்ரையா? சொல்லுடி."

"ரெண்டும் ஒண்ணு மாதிரிதான்க்கா இருக்கு."

விஷயம் இதுதான். மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், கோபித்துக்கொண்டு ஆபீஸ் குடியிருப்புக்குப் போய் மாதக்கணக்கில் ஆகிறது. போகும்போது கத்தவில்லை, கதவை அறையவில்லை. "நான் சொல்ற எதையும் நீ காதுல வாங்கறதே இல்ல" என்று ஒரே ஒரு வரி. அந்த வரி இவள் தூக்கத்தைத் தின்றுகொண்டிருந்தது. திடீரென்று முந்தின நாள் அவரே போன் செய்து, நாளைக்குச் சாப்பிட வரட்டுமா என்று கேட்டிருக்கிறார். என்ன வாங்கி வைக்க என்று இவள் கேட்க, "கல்யாணமான புதுசுல குடிச்சோமே, அந்த ரீஸ்லிங் ஒயின் ஒரு பாட்டில். ட்ரை..." என்றாராம். அதோடு லைன் கட்.

"திரும்பப் போன் பண்ணிக் கேட்டா என்ன?" என்று காலையிலேயே கேட்டேன்.

"கேட்டா, பாத்தியா, இதையும் காதுல வாங்கலன்னு சொல்லுவார். அதை வேற நான் கேக்கணுமா? இன்னைக்கு இது தப்பாச்சுன்னா அவ்வளவுதான்டி. அவர் இனிமே வரவே மாட்டார்."

சொல்லி முடிக்குமுன் அவள் குரல் உடைந்துவிட்டது. அதனால்தான் உடனே நானே ஒயின் கடைக்குப் போய் அந்த நாலையும் வாங்கி வந்திருந்தேன்.

கடையில் ஒரு தாடிக்காரர் இருந்தார். ட்ரை என்றால் இனிப்பு இல்லாதது என்றார்.

"தண்ணி மாதிரி ஓடுறது எப்படிங்க காஞ்சதாகும்?"

"பேரு அப்படிம்மா. விலை கம்மியான ரீஸ்லிங்லயே முழு ட்ரை இருக்கு, அரை ட்ரை இருக்கு, இனிப்பு இருக்கு, நுரை வர்றதும் இருக்கு. ஆல்கஹால் சதவீதத்தைப் பாருங்க. பன்னெண்டு கிட்ட இருந்தா பெரும்பாலும் ட்ரை. எட்டு கிட்டன்னா இனிப்பு."

எண் என்றதும் எனக்கு உயிர் வந்தது. கண்ணுக்கு எண் போடுகிறவளுக்கு இதென்ன பிரமாதம்? 'பெரும்பாலும்' என்று அவர் போகிற போக்கில் சொன்னதை நான் கவனிக்கவில்லை.

மேஜைமேல் எல்லாமே ஒல்லிக் கழுத்து நெட்டை பாட்டில்கள். முதல் பாட்டில், பன்னிரண்டு. மோந்தால் பழுத்த ஆப்பிள், வாயில் விட்டால் எலுமிச்சையைப் பிழிந்தது போலப் பல் கூசியது. இரண்டாவது, பதினொன்று. லேசாக மண்ணெண்ணெய் நாறியது. கெட்டுப்போச்சு என்று அக்கா கொட்டப் போனாள். நான் கடைக்குப் போன் போட்டேன். அந்த வாசம் சில ரீஸ்லிங்கில் இருக்கும், அதை விரும்பிக் குடிக்கிறவர்களும் உண்டு என்றார் தாடிக்காரர். மூன்றாவது, எட்டு. தேனாக இனித்தது, ஆனால் விழுங்கியபின் புளித்தது. நுரை வந்த நாலாவதும் பன்னிரண்டு, அதில் 'எக்ஸ்ட்ரா ட்ரை' என்றே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அப்பாடா என்று ஒரு வாய் குடித்தால் அதுவும் இனிக்கிறது! மறுபடி போன்.

"நுரை ஒயின்ல எக்ஸ்ட்ரா ட்ரைன்னா கொஞ்சம் இனிக்கும்மா."

"ஏங்க, ஆளப் பைத்தியமாக்கறதுக்குன்னே பேரு வைப்பீங்களா?"

திரும்ப முதலிலிருந்து குடித்துப் பார்த்தோம். இனிப்பைக் குடித்துவிட்டு மண்ணெண்ணெயைக் குடித்தால் புளிப்பு. புளிப்பைக் குடித்துவிட்டு அதையே குடித்தால் இனிப்பு. அன்று உருப்படியாகக் காய்ந்தது எங்கள் மண்டை மட்டும்தான். கன்னம் இரண்டும் சூடேறி நாங்கள் முழித்துக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது.

மாமா வெறுங்கையோடு நின்றார். அக்கா அவர் கையைத்தான் முதலில் பார்த்தாள். பெட்டி இல்லை. அவள் முகம் வாடிவிட்டது.

"நீங்க சொன்ன ட்ரை எதுன்னு தெரியல. அதான் நாலையும் திறந்துட்டோம்," என்றாள்.

மாமா மேஜையைப் பார்த்துத் திகைத்தார். "நான் எப்ப ட்ரை ஒயின் கேட்டேன்? எனக்குப் புளிப்பே ஆகாதே."

அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். "இதுவும் என் காதுல சரியா விழலயா?" என்றாள். கண்ணில் நீர் முட்டிவிட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. "மாமா, ட்ரைன்னு சொன்னீங்களா, இல்லயா?"

"சொன்னேன்."

"அப்புறம் என்ன?"

அவர் காலி டம்ளர் ஒன்றை எடுத்து உருட்டினார். "ட்ரை பண்ணிப் பாக்கலாமா, மறுபடி சேந்து இருக்கலாமான்னு கேக்கத்தான் வாயெடுத்தேன். தைரியம் வரல. வச்சுட்டேன்."

"அப்ப லைன் கட்டாகலயா?" என்றாள் அக்கா.

"இல்ல."

"நல்லா இருக்கு நியாயம்!" என்றேன். "நீங்க சொன்ன அரை வார்த்தையக்கூடக் கீழ விடாமப் பிடிச்சுக்கிட்டு அவ நாள் பூரா அல்லாடுறா. மீதிய முழுங்கினது நீங்க. காதுல வாங்கலன்னு பழி மட்டும் அவளுக்கா?"

மாமா தலை குனிந்து டம்ளரைக் கீழே வைத்தார். இனி அங்கே எனக்கு வேலை இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். படிக்கட்டுத் திருப்பத்தில், சுவரோரமாக, கண்ணில் படாதபடி அவருடைய பெரிய பெட்டி நின்றது. இந்த மனுஷனை என்ன செய்வது?

"மாமா! பெட்டிய யாருக்குங்க இங்க வச்சிருக்கீங்க?"

இருவரும் வாசலுக்கு வந்தார்கள். அக்கா எட்டிப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். மெல்ல ஏதோ சொன்னாள்.

"என்ன?" என்றார் மாமா.

"உள்ள எடுத்துட்டு வாங்கன்னேன். காதுல விழலயா?"