பார்சலில் போன பார்வை

வாடிப்பட்டி சீனியம்மாளின் கண் பார்வை 1974-ஆம் வருஷம் தபால் பார்சலில் ஹாங்காங் போய், அங்கிருந்து நாலு தேசத்துக்குச் சிதறியது. பர்மாக் கல் வரத்து நின்றுபோன காலம் அது. மதுரையில் கல் ஏற்றுமதி செய்த கிருபாகரன், வெளிநாட்டிலிருந்து செயற்கைச் சிவப்புக்கல்லைக் கச்சாவாக இறக்கி, மழை பொய்த்த ஊர்களில் பெண்களிடம் பட்டை தீட்டக் கொடுத்தார். புருஷன் இல்லாத சீனியம்மாள், மகள் தங்கப்பொண்ணை வளர்க்கப் பகலெல்லாம் சாணைச் சக்கரம் சுற்றினாள். தீட்டிய கல்லோடு பார்வையும் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொண்டு போயிற்று. நகையில் பதித்ததும் கல் கண் திறந்துகொள்ளும். அந்தக் கல்லுக்கு எதிரே இருப்பது வாடிப்பட்டியில் அவளுக்குத் தெரியும்; தன் எதிரே இருப்பதுதான் தெரியாது. குழம்பு கிண்டியபடியே, ஒருத்தி மீன் கழுவுகிறாள், எங்கோ பனி கொட்டுகிறது என்பாள். ஆஸ்பத்திரியில் கண்ணில் கோளாறே இல்லையென்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். விரல் பழக்கத்திலேயே அவள் தொடர்ந்து தீட்டினாள்.

தங்கப்பொண்ணுக்கு அலங்காநல்லூரில் மாப்பிள்ளை அமைந்தபோது சீனியம்மாள் கிருபாகரனைத் தேடிப் போனாள்.

"ஒரே ஒரு கல்லு குடுங்கண்ணே. மோதிரத்துல பதிச்சு, எம்மக கழுத்துல தாலி ஏறுறதப் பாத்துட்டுத் திருப்பித் தந்துருறேன்."

"உள்ள வந்த கல்லு அம்புட்டும் வெளிய போகணும் தாயி. ஒண்ணு கொறஞ்சாலும் லைசென்ஸப் புடுங்கிருவாங்க."

கெட்ட மனிதரில்லை அவர். கெட்டிமேளம் கொட்டியபோது சீனியம்மாள் பார்த்துக்கொண்டிருந்தது, யாரோ ஒரு வெள்ளைக்காரியின் மேசையில் ஆறிக் கிடந்த தேநீரை.

எண்பதுகளில் வியாபாரம் கூலி மலிந்த பாங்காக் பக்கம் திரும்பியது. ஏற்றுமதி படுத்தது, கிருபாகரன் கடையைப் பூட்டிவிட்டு ஊரைவிட்டுப் போனார். பாங்காக்கில் தீட்டிய கற்கள் மதுரைக் கடைகளில் வந்து குவிந்தன. வாடிப்பட்டிச் சக்கரங்கள் துருப்பிடித்தன. தூரதேசத்திலும் சிவப்புக்கல் மோகம் தணிய, மோதிரம் போட்டிருந்தவர்கள் ஒவ்வொருத்தராகக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டார்கள். சீனியம்மாளின் உலகம் ஜன்னல் ஜன்னலாக அடைபட்டது. கடைசியாகத் தெரிந்தது ஒரு மழைத் தெரு. பிறகு இருட்டுத்தான். அவள் யாரிடமும் முறையிடவில்லை. முறையிட ஆளும் இல்லை.

அந்தத் தீபாவளிக்குத் தங்கப்பொண்ணு சிவப்புக்கல் மூக்குத்தியோடு வந்தாள். பாங்காக் கல் என்றாள். சீனியம்மாள் அதை விரலால் தடவிப் பட்டைகளைப் பார்த்தாள். நல்ல கை வேலை.

"இதக் கழட்டி டப்பாக்குள்ள மட்டும் போட்றாதத்தா. தீட்டுனவளுக்கு இருட்டாப் போயிரும்."

தங்கப்பொண்ணு அதன்பிறகு தூங்கும்போதுகூட மூக்குத்தியைக் கழற்றாமல் இருந்தாள். களையெடுக்கப் போகும் வழியில் நல்லதாக ஏதாவது கண்ணில் பட்டால், முகத்தை அதன் பக்கம் திருப்பிச் சற்று நேரம் நின்றுவிட்டுப் போவாள்.