தேறிய எலி

ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டிய நர்ஸ், நரம்பு சிக்காமல் அம்மாவின் முழங்கை மடிப்பில் தட்டிக்கொண்டிருந்தாள்.

"நல்லாத் தட்டும்மா, ஒளிஞ்சிருக்கும். ரெண்டு பாட்டில் வேணும்னாலும் எடுத்துக்க."

நர்ஸ் எடுத்தது ஒரு சின்னக் குழாய். அம்மாவின் முகம் தொங்கிப்போனது. "இவ்ளோதானா?"

"போதும்மா," என்றாள் மகள். "இதுலயே லட்சக்கணக்குல செல் இருக்கு."

அது பொய்யில்லை. அந்தச் செல்கள் கட்டிலில் கிடக்கும் மகனுக்குப் போகின்றன என்பதுதான் பொய்.

மகளுக்குத் தெரு வைத்த பெயர் எலி டாக்டர். எலிகளுக்குக் கிருமியை ஏற்றி, அவற்றின் உடம்பு எப்படிச் சண்டை போடுகிறது என்று பார்ப்பது அவள் ஆராய்ச்சி. இவ்வளவு படித்தவள் மனுஷனைப் பார்க்கக் கூடாதா என்பது தெருவின் நெடுநாள் மனக்குறை. பெயின்டர் வேலை பார்த்த அவள் தம்பிக்கு அதே கிருமி வந்ததும் தெருவுக்கு வாயில் அவல் விழுந்த மாதிரி ஆயிற்று. வேலைக்குப் போன இடத்தில் அவனைக் கடித்தது ஒரு மணல் ஈ. அதை யார் கேட்டார்கள்? பக்கத்து வீட்டுத் தையல்காரி, அக்காக்காரிதான் கைப்பையில் கொண்டுவந்துவிட்டாள் என்று மிஷினை மிதித்தபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

மண்ணீரல் வீங்கித் தம்பியின் வயிறு முன்னால் தள்ளியது, கைகால் குச்சியாயிற்று. கொடுத்த மருந்து எதுவும் கேட்கவில்லை. ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி ஏகத்துக்கு இருப்பதாக ரிப்போர்ட் வந்த அன்று அம்மாவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. மகளுக்கு வரவில்லை. அந்த எதிர்ப்பு, வாசலில் நின்று கத்துகிற ரகம். கிருமியோ செல்லுக்குள் புகுந்து, உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறது. கதவை உடைக்க வேண்டிய செல்கள் தம்பியின் உடம்பில் கைகட்டி நின்றன.

எல்லாம் நன்றாயிருந்த காலத்தில், சாப்பாட்டு மேசையில் பெருமைக்கு ஒன்றைச் சொல்லியிருந்தாள். நோய் வந்து தேறிய எலியின் மண்ணீரல் செல்களை நோயாளி எலிக்கு ஏற்றினால் அதுவும் தேறிவிடும். யார் காதில் ஏறுகிறது என்று பார்த்துச் சொல்லியிருக்கலாம். சின்ன வயதில் இதே காய்ச்சலில் விழுந்து எழுந்தவள் அம்மா. மருந்துகள் கைவிட்டதும் அவளுக்கு அது நினைவு வந்தது.

"அப்ப நான்தான் தேறின எலி. என்கிட்ட எடு."

"அந்த எலிங்க எல்லாம் ஒரே அச்சும்மா. அண்ணனையும் தங்கச்சியையுமே ஜோடி சேத்துத் தலைமுறை தலைமுறையா உண்டாக்கினது. ஒண்ணுக்கு இன்னொண்ணு வேத்தாள் இல்ல. உன் செல்லு உள்ள போனா அவன் உடம்பையே எதிரின்னு நெனச்சுக் கடிச்சுரும்."

"என் வயித்துல கெடந்தவன்டி. அவனுக்கு நான் வேத்தாளா?"

அம்மா அதோடு விடவில்லை.

"சரி, குடுக்குற எலி என்னாகும்?"

"கொன்னுதான் எடுப்போம்."

"அவ்ளோதானே? எனக்குச் சம்மதம்."

அதன்பிறகு அம்மா சாப்பிடவில்லை, தூங்கவில்லை. ஒரே பாட்டு: "எலிக்குப் பண்ணுவ, தம்பிக்குப் பண்ண மாட்ட." கடைசியில், பேருக்கு ஒரு குழாய் எடுத்தால் போதும் என்று மகள் நர்ஸின் கையைப் பிடித்துக் கெஞ்சினாள்.

குழாயை ஆஸ்பத்திரிக் குப்பைக்கூடையில் போடும்போது நர்ஸ் கேட்டாள். "எதுக்குங்க இந்த நாடகம்?"

"அம்மா கொஞ்சம் தூங்கட்டும்."

தூங்கினாள். வாய் திறந்தபடி, நாற்காலியிலேயே, பாரம் இறக்கிய தூக்கம்.

தம்பி சுவர்ப்பக்கம் சுருண்டிருந்தான். தலைமுடி சிலிர்த்து, பளபளப்பற்று நின்றது. எலி இப்படிச் சுருண்டால் அதை மேலும் இழுத்துக்கொண்டு கிடக்க விடக்கூடாது என்பது ஆய்வுக்கூடத்தின் விதி. அவளே எடுத்துச் சிரமமில்லாமல் முடித்துவிடுவாள். வார்டில் அப்படி ஒரு விதி கிடையாது.

"அக்கா, உன் எலின்னா இந்நேரம் பொழச்சிருக்கும்ல?"

"ம்."

"ஆமாங்குறா பாரு," என்றான் தம்பி. சிரிக்கப் பார்த்து இருமினான்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டான். மூச்சு இடைவெளி விட்டு வந்தது. அப்புறம் இடைவெளி மட்டும் இருந்தது. அம்மா அப்போதும் தூங்கிக்கொண்டிருந்தாள். பொய்க்கு அவ்வளவு பலம்.

வீட்டுக் கூடத்தில் அவனைக் கிடத்தியதும் அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியில் கைவைத்துக்கொண்டாள். யாரையும் அந்தப் பக்கம் விடவில்லை. தையல்காரி மூக்கைச் சிந்திவிட்டு விசாரித்தாள். "காலையில கூட நல்லாப் பேசிட்டிருந்தானாமே? திடீர்னு என்னாச்சு?"

அம்மா மகளை நிமிர்ந்து பார்த்தாள்.

"என் ரத்தம் போனப்புறம்தானேடி?"

ஏற்றினோம் என்றால் தாய் பிள்ளையைக் கொன்றவள். ஏற்றவில்லை என்றால் அக்கா தம்பியைச் சாகவிட்டவள். இரண்டில் பின்னது தன் தலையில் விழட்டும் என்று மகள் அம்மாவின் காதருகே குனிந்தாள்.

"ஏத்தவே இல்லம்மா. சத்தியமா. கொட்டிட்டோம். நீ திட்டுவேன்னு சொல்லல."

திட்டு விழவில்லை. அம்மா அவள் கன்னத்தைத் தடவிக்கொடுத்தாள், பரீட்சையில் தோற்ற குழந்தையைத் தேற்றுவது போல.

"எனக்காகச் சொல்ற. நீதான் அன்னைக்கே சொன்னியே, கடிச்சுரும்னு. நான்தான் கேக்கல."

"இல்லம்மா, நர்ஸைக் கேளு, அவங்கதான்..."

"அவளுக்கும் சொல்லிக் குடுத்திருப்ப. விடு."

தையல்காரி வாசலுக்கு நழுவினாள். புதிதாக வந்தவர்களிடம் அவள் குசுகுசுப்பது கூடம்வரை கேட்டது. "பெத்தவ ரத்தம்தான், என்ன பண்றது, ஒத்துக்கல."

அம்மா மகனின் நெற்றியிலிருந்து கையை எடுத்தாள். எழுந்தாள். சுவரைப் பிடித்து நடந்து, தூரத்துச் சொந்தங்களும் வேற்றாட்களும் வந்து உட்கார்ந்து போவதற்காகக் கதவோரம் போட்டிருந்த நாற்காலிகளில் ஒன்றில், நுனியில் உட்கார்ந்துகொண்டாள்.