ஒரு பைண்ட் ஹார்டனர்

குழாயின் வாய்க்குள் கையை விட்டு, கட்டைவிரல் நகத்தால் பூச்சை அழுத்திப் பார்த்தாள் ரமீஸா. நகம் இறங்கியது. பூசி மூன்று நாளில் கல்லாய் இறுகியிருக்க வேண்டிய பூச்சு, ஐந்து நாளாகியும் பிசுபிசுவென்று இருந்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், கடல்நீர் ஓடும் இரும்புக் குழாய்களுக்கு உள்பூச்சு பூசித் தரும் சின்னக் கம்பெனி அது. ரமீஸாதான் அங்கே ஆய்வகப் பொறுப்பாளர். பழவேற்காட்டில் வாப்பாவின் வலைக்கடையில் உட்காராமல் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, தினமும் ஸ்கூட்டரில் வந்து போகிறவள்.

ஆறு நாள் வேலையையும் வரிசையாகத் தட்டிப் பார்த்தார்கள். ஐந்து நாள் குழாய்கள் இளகிக் கிடந்தன. வெள்ளிக்கிழமை பூசிய பத்துக் குழாய்கள் மட்டும் கெட்டியாக இருந்தன. ஆறு நாளும் பூச்சோடு அதை இறுக வைக்கும் ஹார்டனரைக் கலந்தவர் துளசிராமன். பதிவேட்டில் மற்ற நாளெல்லாம் 'ஹார்டனர் 1.9 லிட்டர்' என்று எழுதியிருந்தவர், வெள்ளிக்கிழமை மட்டும் 'நாலு மக்' என்று எழுதியிருந்தார்.

மேலாளர் அன்புசெல்வன் அந்த வரியைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா துளசி இது, மக்கு? டீக்கடையா நடத்துற?"

"பிளாஸ்டிக் ஜக்கு விரிசல் உட்டுச்சு சார். டேங்க் கூட வந்த ஸ்டீல் மக்குல ஊத்தினேன். மறுநாள் புது ஜக்கு வந்துச்சு."

"ஒரு நாளு மக்கு, ஒரு நாளு ஜக்கு. மத்த நாளு இன்னாத்த ஊத்தினியோ, யாருக்குத் தெரியும்?" அவர் ரமீஸாவிடம் திரும்பினார். "உன் அளவுச் சீட்டு கரெக்ட்தானேம்மா?"

"கரெக்ட்தான் சார். எவ்ளோ ஊத்தணும்னு நானே கணக்குப் போட்டு எழுதினது" என்றாள் ரமீஸா.

அன்று மதியமே துளசிராமனுக்கு ஒரு வாரம் சஸ்பென்ஷன். கடிதத்தை ஷிப்ட் ஆட்கள் எல்லோர் முன்னாலும் வாசித்தார்கள். அவர் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார்.

ரமீஸா பதிவேட்டை மறுபடி புரட்டினாள். இஷ்டத்துக்குக் கலந்த மனிதர் என்றால், அவர் மாற்றி ஊற்றிய நாள்தானே கெட்டுப்போயிருக்க வேண்டும்? சீட்டின்படி ஊற்றிய நாளெல்லாம் கெட்டு, மாற்றிய நாள் மட்டும் எப்படித் தேறியது?

கலவைக்கூடத்துக்குப் போய் அந்த ஸ்டீல் மக்கைத் தேடி எடுத்தாள். போன வாரம்தான் உபயோகத்துக்கு வந்த பழைய இங்கிலாந்துத் தொட்டியோடு சேர்ந்து வந்த மக். அடியில் 'ஒரு பைண்ட்' என்று பழைய ஆங்கில அளவு பொறித்திருந்தது. விளிம்பு வரை தண்ணீர் பிடித்து, ஆய்வகத்தில் கோடு போட்ட கண்ணாடி ஜாடியில் ஊற்றினாள். ஐந்நூற்று அறுபத்தெட்டு மில்லி. துடைத்துவிட்டு மறுபடி ஊற்றினாள். அதேதான்.

அவள் சீட்டில் ஒரு பைண்ட் நானூற்று எழுபத்து மூன்று; தினமும் கலக்கும் நாலு கேலனுக்கு நாலு பைண்ட், 1.9 லிட்டர்.

பூச்சின் செய்முறைத் தாளில் இருந்தது ஒரே வரி: ஒரு கேலன் பூச்சுக்கு ஒரு பைண்ட் ஹார்டனர். தொட்டியின் உள்ளே கேலன் கோடுகள் இருந்ததால் அதை அப்படியே வைத்துக்கொண்டு, பைண்டை மட்டும் போனில் தேடி, முதலில் வந்த எண்ணை எழுதிவிட்டாள். அது அமெரிக்க பைண்ட். அங்கே பைண்டுக்குப் பதினாறு அவுன்ஸ், இங்கிலாந்தில் இருபது. அவுன்ஸிலும் இரண்டுக்கும் சின்ன வித்தியாசம் உண்டு. தொட்டியின் ஒரு கேலன் கோடு வரை தண்ணீர் ஊற்றி அளந்தாள். நாலரை லிட்டருக்குச் சற்று மேல். சந்தேகமே இல்லை, இங்கிலாந்துக் கேலன். கேலனை இங்கிலாந்து அளவில் எடுத்து, பைண்டை அமெரிக்க அளவில் போட்டிருக்கிறாள். ஹார்டனர் ஆறில் ஒரு பங்கு குறைந்துபோயிருக்கிறது.

சீட்டு அவள் மேஜை டிராயரில் இருந்தது. வேறொன்று எழுதி வைத்துவிட்டு, ஹார்டனர் சரக்கு சரியில்லை என்று சொன்னால் கேட்க ஆளில்லை. அந்த எண்ணம் வந்ததும் போனதும் அவளுக்கே தெரிந்தது. பிறகு சீட்டையும் மக்கையும் எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குள் போனாள்.

அன்புசெல்வன் இரண்டு தடவை கேட்டார். மூன்றாவது தடவை அவரே தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்.

"அவரு மேல தப்பே இல்ல சார். என் கணக்கு தப்பு. நீங்க கேட்டப்பவே நான் ஒரு தடவ அளந்து பாத்திருக்கணும்."

"உனக்கு வார்னிங் லெட்டர் வரும். அம்பது குழாயையும் சுரண்டியாகணும்" என்றவர், கண்ணாடியைக் கழற்றி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நானும் விசாரிக்காமப் பேசிட்டேன். அவனுக்குப் போன் போடு."

ரமீஸா போன் போடவில்லை. புதுவாயல் தாண்டி உள்ளே இருந்தது துளசிராமனின் ஊர். வழி கேட்டுப் போனபோது அவரும் மனைவி முத்தம்மாளும் சேற்றில் நின்று நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தார்கள். வரப்பிலேயே நின்று, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

முத்தம்மாள் நிமிர்ந்தாள். "அத்தினி பேரு எதிருல படிச்சாங்களாமே மேடம். ஊட்டுக்கு வந்து சோறு கூடத் துன்னலை இந்தாளு."

"என்னாலதான்க்கா. மன்னிச்சிக்கங்க."

துளசிராமன் கையிலிருந்த நாற்றுக் கட்டைக் கட்டி முடித்தார். "ஒரே பேரு வச்சிக்கினு ரெண்டு அளவா மேடம்?"

"ஆமாண்ணா."

"எங்க தாத்தா காலத்துல படியும் அப்டிதான். மெட்ராஸ் படி வேற, ஊருப் படி வேறன்னுவாங்க. நெல்லு வாங்க வர்றவன் எந்தப் படின்னு மொதல்ல கேட்டுப்பான்." குரலில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. "மெஷினுகூட வந்த மக்காச்சேன்னு ஊத்தினேன். அவ்ளோதான். எனக்கும் ஒண்ணும் தெரியாது."

"நாளைக்கு வர்றீங்களாண்ணா?"

"நாத்தப் பறிச்சிட்டேன். நட்டுட்டு சனிக்கெழம வரேன். அந்த லெட்டரை எல்லாருக்கும் கேக்குற மாதிரி படிச்சாங்க. எம்மேல தப்பு இல்லன்றதையும் அப்டியே படிக்கச் சொல்லுங்க."

சொல்கிறேன் என்று தலையாட்டினாள்.

அடுத்த இரண்டு நாளும் ரமீஸா முகத்தில் துணி கட்டிக்கொண்டு ஆட்களோடு சேர்ந்து பூச்சைச் சுரண்டினாள். தோள் விண்விண்ணென்று தெறித்தது. உம்மா மரியம் பீவி இரவில் தைலம் தேய்த்தபடி, என்ன வேலை இது என்று கேட்டதற்கு, "என் வேலதான் உம்மா" என்றாள்.

சனிக்கிழமை காலை ஷிப்ட் கூடியபோது அன்புசெல்வன் ரத்துக் கடிதத்தைத் தானே வாசித்தார். தவறு அளவுச் சீட்டில்தான் என்ற வரி வந்தபோது ரமீஸா தலை குனியாமல் நின்றாள். துளசிராமன் கேட்டு முடித்து, சட்டைக்கையை மடித்துக்கொண்டு தொட்டிப் பக்கம் நடந்தார்.

"எத்தினி கேலன் மேடம் இன்னைக்கி?"

"நாலுண்ணா" என்று சொல்லிக்கொண்டே அவளும் பின்னால் போனாள்.