எலுமிச்சங்கன்றுக்கான பேப்பர்

கிடத்தியிருந்த அப்பாவின் நகக்கண்களில் இருந்த மண்ணைச் சின்னவள் ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் வாசலில் ஜீப் வந்து நின்றது. எட்டிப் பார்த்தாள். வெளிநாட்டுச் செடிகளைச் சோதிக்கிற ஆபீசர், கையில் பச்சை ஃபைலோடு இறங்கினார். பாவி மனுஷன், இன்றைக்கா வர வேண்டும்!

ஊருக்கெல்லாம் வழி சொல்வதுதான் அவள் பிழைப்பு. வெளிநாட்டுச் சரக்குக்குப் பேப்பர் முடித்துத் தரும் கிளியரிங் ஆபீசில் எட்டு வருடம். செடி கொண்டுவர முதலில் பெர்மிட், அப்புறம் அந்த நாட்டுக்காரர்கள் தரும் நோயில்லாச் சான்றிதழ், வேரில் ஒரு பொட்டு மண் கூடாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அப்பேர்ப்பட்டவள்தான் போன வருடம் வெளிநாட்டிலிருந்து திரும்பும்போது, ஒரே ஒரு எலுமிச்சங்கன்றை மண்ணோடு பேப்பரில் சுற்றி, பெட்டியிலிருந்த ஷூவுக்குள் திணித்துக் கொண்டுவந்தாள். ஒற்றைக் கன்றுக்குப் போய் யார் இரண்டு மாதம் காத்திருப்பது என்ற மெத்தனம்.

"பேப்பரெல்லாம் இருக்காம்மா?" என்று அதை நர்சரியில் நடும்போதே கேட்டார் அப்பா.

"இருக்குப்பா."

அந்த மண்ணில் புழு இருந்திருக்கிறது. ஆறே மாதத்தில் அப்பாவின் நர்சரி முழுக்க மஞ்சளடித்துப் போனது. எல்லாவற்றையும் எரிக்கச் சொல்லி வாசல் கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். இன்று காலை, செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்த அப்பா பாத்தியிலேயே சாய்ந்து உயிரை விட்டார்.

"எவன் கொண்டாந்தான்னு மட்டும் தெரியட்டும், கையை ஒடிச்சிடறேன்" என்று ஒரு மாதமாகக் கத்திக்கொண்டிருந்தான் அண்ணன். அவனுக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. தெரிந்தால் இந்த வீட்டு வாசலை மிதிக்க முடியுமா?

ஆபீசர் உடலருகே சற்று நேரம் நின்றார். பிறகு அவளைப் பார்த்தார்.

"கொஞ்சம் வெளிய வாம்மா."

ஈரத் துணியை வைத்துவிட்டு அவர் பின்னால் போனாள்.

"போன வாரம் உங்கப்பா ஆபீசுக்கு வந்து எழுதிக் கொடுத்தாரு. படிச்சுப் பாரு."

அவர் நீட்டிய ஃபைலுக்குள் அப்பாவின் கோணல் கையெழுத்து. 'கன்றை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது நான்தான். பேப்பர் இல்லாமல் கூடாது என்று என் மகள் படித்துப் படித்துச் சொன்னாள். நான் கேட்கவில்லை.'

எழுத்துகள் கலங்கின. அப்படியானால் அப்பாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேற்று ராத்திரிகூட, "சாப்பிட்டியாம்மா?" என்றுதான் கேட்டார்.

"அவருக்குப் பாஸ்போர்ட்டே கிடையாதுன்னு எனக்கும் தெரியும்மா" என்றார் ஆபீசர் தணிந்த குரலில். "மேலிடத்துல யாரும் அதைக் கேக்கல. இறப்புச் சான்றிதழ் ஒரு காப்பி குடுத்தா ஃபைலை மூடிடலாம். யோசிச்சுச் சொல்லு."

அப்பாடா என்று வந்த மூச்சு பாதியில் நின்றது. அந்த மூச்சுக்காகவே தன்னை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அண்ணன் வேகமாக வந்தான். அழுது வீங்கிய முகம்.

"என்னவாம் சார்? ஆளைக் கண்டுபிடிச்சிட்டீங்களா?"

ஆபீசர் ஃபைலை அவள் கையிலேயே விட்டுவிட்டு ஜீப் பக்கம் நகர்ந்தார்.

வந்தவர்களுக்காகப் போட்டிருந்த நாற்காலிகளில் ஒன்றை இழுத்தாள். அது தரையில் கீச்சிட்டது. எதிரே இன்னொன்றைப் போட்டாள்.

"உக்காருண்ணா, ஆள் யாருன்னு நான் சொல்றேன்" என்றாள்.