மாவுக்கட்டுக் கொலைகாரன்

பிரிவியூ தியேட்டரில் விளக்கு எரிந்தது. ஒருவரும் கைதட்டவில்லை.

மூன்றாவது வரிசையில் கதாசிரியை கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். படத்தின் கதை அவளுடையது. திரையில் 'கதை' என்ற இடத்தில் வந்த பெயரோ அக்கா புருஷனுடையது. இயக்கியதும் அவர்தான், துப்பறியும் அதிகாரியாக மீசை முறுக்கியதும் அவர்தான். "படிச்சுட்டுத் தர்றேம்மா" என்று ஃபைலை வாங்கிப்போன மனிதர்! நியாயம் கேட்டபோது அக்கா சொன்னாள்: "குடும்பத்துக்குள்ள உன் பேரு என்ன, அவர் பேரு என்னடி?"

அன்றே வாயை மூடிக்கொண்டாள். உள்ளே எரிந்த அடுப்பைத்தான் அணைக்கவில்லை.

பணம் போட்ட முதலாளி எழுந்தார். "டிரைவர்தான் கொலைகாரன். சரி. ரெண்டாவது கொலை அன்னைக்கு அவன் கால்ல மாவுக்கட்டு, ஆஸ்பத்திரியில கிடக்கான். மூணாவது மாடிக்கு எப்படிய்யா கயிறு புடிச்சு ஏறினான்?"

"அது... ஒரு வெறியில சார்..." என்றார் அத்தான்.

"கட்டோடவா?"

எடிட்டர் சிரிப்பை இருமலாக்கினார்.

கதை திருடு போகிற தொழில் இது. அதனால் ஃபைலின் கடைசி ஐந்து பக்கத்தில் தப்பான ஆளையே கொலைகாரனாக எழுதிவைப்பது அவள் வழக்கம். நிஜமான ஆளை, ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகு வாயால் சொல்வாள். டிரைவர் அப்பாவி என்று காட்டத்தான் அந்த மாவுக்கட்டே. அத்தான் ஆஸ்பத்திரியை ஒரு மாதமும் மாடியை இன்னொரு மாதமும் படம்பிடித்தார். இரண்டையும் சேர்த்து யோசிக்க மறந்தார்.

முதலாளி அவள் பக்கம் திரும்பினார். "இது உன் கதைன்னு ஒரு பேச்சு அடிபடுதேம்மா?"

"மச்சினி சும்மா ரெண்டு ஐடியா குடுத்துச்சு சார்," என்று முந்தினார் அத்தான்.

"அப்ப நிஜக் கொலைகாரன் யாருன்னு அத்தானே சொல்லட்டும்."

அத்தான் எடிட்டரைத் திரும்பிப் பார்த்தார். அதற்குமேல் முதலாளிக்குச் சாட்சி தேவைப்படவில்லை.

"யாரும்மா அவன்?"

"சொல்ல மாட்டேன். அவனை வச்சு வேற படம் பண்ணிக்கிறேன்."

"பத்து நாள்ல ரிலீஸ். செட்டைப் பிரிச்சாச்சு. என்னைக் கவுத்துடாதே தாயி."

அவள் முன்னால் வந்தாள். "திரில்லர்ல பல ரகம் சார். 'யார் செஞ்சது'ன்னு மண்டையக் குடையறது ஒண்ணு. செஞ்சவனை முதல்லயே காட்டிட்டு, 'எப்ப மாட்டுவான்'னு நகத்தைக் கடிக்க வைக்கிறது ஒண்ணு. 'ஏன் செஞ்சான்'னு நெஞ்சைப் பிசையறது ஒண்ணு. பாக்கறவன் வாட்ச்சைப் பாக்கறது இன்னொண்ணு. அத்தான் எடுத்தது அது. ரெண்டாவது ரகமா மாத்திடலாம்."

"எப்படி?"

"விடியக்காலையில துப்பறியறவர் கையுறை போட்டுக்கிட்டு, பிணத்துக்கிட்ட தனியா மண்டி போடறாரே, அந்த ஷாட்டை, பிணத்தை முதல்ல பாத்தவங்க அலறற சத்தத்துக்கு முன்னால வைங்க."

எடிட்டர் நிமிர்ந்தார். "ஐயோ! அப்ப கொலைகாரன் இவரேயில்ல?"

"இவரேதான். இனிமே இவர் தடயம் தேடற சீனெல்லாம் தடயத்தை அழிக்கிற சீன். டிரைவர் கயிறு ஏறறதை வெட்டுங்க. இவர் அவனைக் குத்தவாளின்னு கைகாட்டறப்ப, பின்னாலேருந்து ஒரு போலீஸ்காரர் குரல் மட்டும் டப்பிங்: 'அன்னைக்கு அவன் கால்ல மாவுக்கட்டு சார். உங்க கால் எங்க இருந்துச்சு?' படம் முடிஞ்சது."

முதலாளி தொடையில் தட்டினார். "உனக்கு என்ன வேணும்?"

"'கதை'ன்னு என் பேர் மட்டும். தனியா. திரை முழுக்க."

வராந்தாவில் அத்தான் வழிமறித்தார். "நான் ஹீரோம்மா! ஜனங்க என் மூஞ்சியில காறித் துப்புவாங்க. வேற யாரையாவது மாட்டி விடேன்!"

"வேற யாரு அத்தான் எல்லா சீன்லயும் வந்து நிக்கிறா? நீங்களே ஆசைப்பட்டு எடுத்துக்கிட்டதுதான?"

ரிலீஸ் அன்று பகல் காட்சி. அவள் பெயர் திரை நிறைய வந்து நின்றது. ஒரு எழுத்து விடாமல் படித்தாள். பிறகு கையுறை வந்தது, அலறல் வந்தது. அத்தான் விறைப்பாகத் துப்பறிய நுழையும்போதெல்லாம் அரங்கம் கொதித்தது.

"கொன்னுட்டு எப்படி நடிக்கிறான் பாரு, படுபாவி!" என்றது பின்வரிசை.

ஓரத்து இருக்கையில் அத்தான் தொப்பியை மூக்குவரை இறக்கினார். விளக்கு எரிந்தது. பக்கத்தில் அக்கா, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "இப்ப திருப்தியாடி?"

"அவசரப்படாதேக்கா. இன்டர்வெல்தான ஆகுது."