தாடைக்குக் கீழே ஒரு விளக்கு

கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்கும் அந்த அலுவலகத்தில் அவளை விளக்குக்காரி என்பார்கள். காட்சிக்குள் வெயிலும் நிழலும் எங்கே விழ வேண்டும் என்று தீர்மானிப்பது அவள் வேலை. புது விளையாட்டில் இரண்டு கூட்டம்: ஒளிக்குலம் நல்லது, நிழல்குலம் கெட்டது. இந்த மகத்தான கண்டுபிடிப்புக்கு இயக்குநர் இரண்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டாராம்.

ஒளிக்குல வீரனுக்கு அவர் தன் முகத்தையே கொடுத்தார். தன்னை விட்டால் வேறு யார்? நிழல்குல ராணிக்கு முகம் தேடி அலுவலகம் முழுக்கக் கண்ணை ஓட்டினார். அங்கே இருந்தவர்களில் நல்ல கறுப்பு விளக்குக்காரிதான். கண் அவளிடம் வந்து நின்றது. கூட்டத்தில் நிற்கிற ஆள் என்று சொல்லித்தான் படமெடுத்தார். ராணி என்பது பிறகு தெரிந்தது.

"சும்மா ஒரு முகந்தானேம்மா. தப்பா எடுத்துக்காத," என்றார் இயக்குநர்.

பக்கத்தில் ஆலோசகராக வந்த பேராசிரியர். கதைகளில் ஒளியும் நிழலும் பற்றித் தலையணை மாதிரி புத்தகம் எழுதியவர். விளையாட்டு ஒன்றைக்கூட ஆடிப் பார்த்ததில்லை. பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி, "இது நிறத்தைப் பத்தி இல்லம்மா. நிழல்ங்கறது குறியீடு. மனசோட ஆழம்," என்றார். ஆழத்தைக் காட்ட இவர் மூஞ்சி போதாதா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டில் மகள் விளம்பரப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். குழி விழுந்த கண்களோடு அம்மா. "அம்மா, என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் இதை வாங்குவாங்களா?" என்று மட்டும் கேட்டாள். விளக்குக்காரி சாப்பிடாமல் எழுந்துவிட்டாள்.

தாடைக்குக் கீழே விளக்கை வைத்தால் பச்சைக்குழந்தைகூடப் பேயாகத்தான் தெரியும். ராணிக்கு அப்படித்தான் வைக்கச் சொல்லியிருந்தார் இயக்குநர். வீரனுக்கோ எந்நேரமும் மேலிருந்து மெல்லிய காலை வெயில். நெஞ்சுக்கு நேரே தீப்பந்தம் பிடித்து நிழல்குலத்தாரின் வீடுகளைக் கொளுத்தும்போதும் அதே வெயில்தான். பந்தம் எரியும், ஆனால் முகத்தில் வெளிச்சம் அடிக்காது. மறுநாள் அவள் அந்த வெயிலை அணைத்து, பந்தத்தை உண்மையாகவே எரியவிட்டாள்.

பெரிய திரையில் போட்டுப் பார்த்தார்கள். இயக்குநரின் மூக்கு நிழல் நெற்றிவரை ஏறியிருந்தது. கண் இருந்த இடத்தில் பள்ளம், பல்லெல்லாம் சிவப்பு.

"என்னம்மா இது, என்னைப் பேய் மாதிரி காட்டியிருக்க!"

"உங்களை இல்ல சார். சும்மா ஒரு முகந்தானே. குறியீடு."

பேராசிரியர் அவசரமாக டீக்குள் பிஸ்கட்டைத் தேடினார்.

"விளக்கை மேல தூக்கு!"

"தூக்குறேன். ராணிக்கும் சேர்த்துத்தான் தூக்குவேன். முடியாதுன்னா வேற ஆளைப் பாத்துக்கங்க."

வேலை போனால் போகட்டும் என்றிருந்தாள். அடுத்த வாரம் விளையாட்டு வெளிவர வேண்டும். வேறு ஆள் ஏது?

"என்னத்தையோ பண்ணித் தொலை," என்றார் இயக்குநர்.

அங்கேயே தூக்கினாள். ராணி இருந்த இடத்தில் வேலை முடிந்து பஸ்ஸில் வீடு திரும்பும் ஒரு பெண்ணின் முகம். அவள் முகமேதான். மகளிடம் தயங்காமல் காட்டலாம்.

பேராசிரியருக்குத்தான் பெருங்கவலை. "ரெண்டு பேரும் ஒரே மாதிரி இருந்தா, யார் கெட்டவங்கன்னு ஆடுறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கொஞ்சம் பாருங்க சார், தெரியும்," என்றாள் விளக்குக்காரி.

திரையில், நல்ல காலை வெயிலில், சிரித்த முகத்தோடு இயக்குநர் அடுத்த வீட்டுக் கூரையில் தீ வைத்துக்கொண்டிருந்தார்.